பால்காரருக்கு அப்புறம்

அடுப்பில் இட்லிக் குண்டான். குண்டானில் இட்லி இல்லை. வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எழும்பிய ஆவிக்கு மேலே என் மனைவி தெரேஸின் ஜெப நோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, தோளில் துண்டோடு, வேர்த்து விறுவிறுத்து நான் நின்றுகொண்டிருந்தேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கோயில். தெரேஸ் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தாள். எனக்கு முட்டி வலி என்று சொல்லியிருந்தேன். நிலைக்கு நிலை முட்டி போட்டு எழ வேண்டிய வழிபாடு என்பதால் அந்தப் பொய் உடனே செல்லுபடியானது.

ஒலிபெருக்கியில் ஆண்டவர் சிலுவை சுமந்துபோன கதை ஒவ்வொரு நிலையாக வந்துகொண்டிருந்தது. மொத்தம் பதினாலு. எப்படியும் அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆண்டவரின் பாடுகளைக் கடிகாரமாகப் பயன்படுத்தியவன் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பிரிக்கப் பார்த்தது ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்த இரண்டு தாள்களை. அவை ஏன் ஒட்டப்பட்டன, அதற்கு எனக்கு ஏன் உயிர் போனது என்பதைச் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பி வருகிறேன். தண்ணீர் கொதிக்கட்டும்.

ரப்பர் கூடாது

எங்கள் பங்குக் கோயிலில் சிஸ்டர் பிலோமினா என்று ஒருவர். குரலை உயர்த்தாமலே அதட்டத் தெரிந்தவர். தவக்காலம் தொடங்கியதும், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த பிறகு மறைக்கல்வி அறையில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். ஜெபத்தை வாயால் சொல்லாமல் நோட்டில் வரைகிற வகுப்பு.

ஆளுக்கு ஒரு தடித்த டிராயிங் நோட்டு, ஒரு பெட்டி வாட்டர் கலர், ஒரு பிரஷ். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை ஓரம், சேலைக் கிழிசல் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். சிஸ்டர் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்பார். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் மனசில் எது தங்குகிறதோ அதை வரைய வேண்டும்.

சட்டங்கள் உண்டு. ரப்பர் கூடாது. அடுத்தவர் நோட்டை அவர் காட்டாமல் பார்க்கக் கூடாது. காட்டினாலும் 'நல்லாருக்கு' என்று சொல்லக் கூடாது.

"பரீட்சையா இது? ஜெபம். ஜெபத்துக்கு யாராச்சும் மார்க் போடுவாங்களா?" என்றார் சிஸ்டர்.

ரப்பர் கூடாது என்றதும் எனக்கு அலுவலக ஞாபகம் வந்துவிட்டது. நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன். பழைய ஆட்கள் இன்னமும் அதைப் பிரெஞ்சில் 'எத்தா சிவில்' என்பார்கள். அங்கேயும் அழிக்கக் கூடாது. செத்தவர் செத்தவர்தான்.

வகுப்பில் பத்துப் பெண்கள். ஆண்கள் இரண்டே பேர்: நானும், என் பெஞ்சில் என்னை ஒட்டி உட்காரும் சொல்தா அந்துவானும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் சொல்தா. எண்பதை நெருங்கும் வயதில் என் ஒரே ரசிகர். நான் மூக்கைச் சொறிந்தால்கூட சிரிப்பார்.

முதல் வாரம், ஏரியில் புயல் அடிக்க இயேசு படகில் தூங்கும் பகுதி. நான் படகில் என்னை வரைந்தேன். தலையில் ஹெல்மெட், இடுப்பில் இரண்டு லாரி டியூப், கையில் விசில். சொல்தா கண்ணீர் வரச் சிரித்தார்.

தெரேஸ் எதையும் வரையவில்லை. பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் பூசி வைத்திருந்தாள். சட்டத்தை மீறி எட்டிப் பார்த்தேன்.

"என்ன இது, மிக்ஸி மூடியா?"

"மழை பெய்யாத மேகம்" என்றாள். சிரிக்கவில்லை.

மூடிய பக்கம்

மூன்றாம் வாரம் சிஸ்டர் ஒரு கிண்ணத்தில் மைதா பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும். அதை எதிரெதிர் பக்கத்துல வரைங்க. காஞ்சதும் ரெண்டு தாளையும் சேத்து, ஓரத்துல மட்டும் பசை தடவி மூடிடுங்க. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும்."

என் காதில் விழுந்தது இவ்வளவுதான். அதற்கு மேல் சிஸ்டர் சொன்னபோது நான் சொல்தாவின் காதுக்குள், "அய்யா, ஆண்டவர் இதை எப்படிப் பிரிச்சுப் படிப்பாரு? இட்லிக் குண்டான்ல காட்டுவாரோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி... அதற்குள் சிஸ்டர் சொல்லி முடித்துவிட்டார்.

என்ன சொன்னார் என்று நான் பக்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. இந்தக் கதையில் என்னை உதைக்க விரும்பும் வாசகர்கள் உதைக்க வேண்டிய இடம் இதுதான்.

என் மூடிய பக்கத்தில் நான் எதையும் வரையவில்லை. வெற்றுத் தாள்களை ஒட்டி, ஆண்டவருக்கு ஓய்வு கொடுத்தேன்.

தெரேஸோ மூன்று சாயங்காலம் வரைந்தாள். சாப்பாட்டு மேஜையில், இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டு. நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் கை இன்னும் கொஞ்சம் வளையும். பசை தடவி மூடிய அன்று நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை. அதனால்தான் பயமே வந்தது.

வாய்கள்

நான் பயப்படுவதில் முறையாகப் பயிற்சி பெற்றவன். தும்மினால் பரம்பரை நோய், போன் அடித்தால் சாவுச் செய்தி. அந்த ஒரு வாரத்தில் எனக்கு மூன்று முறை நெஞ்சு வலித்தது. அதில் இரண்டு பஸ் ஸ்டாண்டு பருப்பு வடை.

முதலில், அவளுக்கு ஏதோ வியாதி, என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம், அது என்னைப் பற்றிய புகார் என்று தோன்றியது. கல்யாண நாளிலிருந்து என் குற்றங்களை வரிசையாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கம் போதாது. அவளுக்குத் தனி நோட்டு தேவைப்பட்டிருக்கும்.

குப்பைக்கூடையில் ஒரு காலண்டர் தாள் கிடைத்தது. பின்புறம் முழுக்கப் பென்சிலால் வாய்கள். வெறும் வாய்கள். முப்பது, நாற்பது இருக்கும். எல்லாமே திறந்தபடி. எல்லாவற்றிலும் முன்பல் இரண்டு இல்லை.

கண்ணாடிக்கு ஓடினேன். என் முன்பற்கள் இருந்தன. ஆக, அவள் வரைந்தது நடந்ததை அல்ல, நடக்க வேண்டும் என்று விரும்புவதை. இருபது வருஷமாக மூடாத என் வாயை மூட, ஆண்டவரிடம் என் பல்லைக் கேட்கிறாள்!

வேடிக்கையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பயந்தது உண்மை. ஒரு வாரம் தாக்குப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை குண்டானை அடுப்பில் ஏற்றினேன்.

ஆவி

மைதா பசை நல்ல பசை. ஆவி பட்டதும் இளகி, தாள் தானாகவே வாய் விட்டது. மெல்ல விரித்தேன்.

இடது பக்கத்தில் ஒரு பஸ். சாம்பல் மேகத்துக்குக் கீழே பச்சை வயல்களுக்கு நடுவே போகிறது. ஜன்னலில் இரண்டு தலை. ஒன்று சடை போட்ட தலை. இன்னொன்றைக் கண்டுபிடிக்க நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனேன். ஹெல்மெட். பஸ்ஸுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓர் ஆள். நானேதான்! மூக்குகூட என் மூக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா, புகார் இல்லை, பல்லும் பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் வலது பக்கம் திரும்பினேன்.

ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பஸ் வரும் திசையில் கையைத் தூக்கி ஒரு மனிதர். சட்டைப் பையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என் மாமனார். கும்பகோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அந்தக் கம்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

முகம் இல்லை. வாட்டர் கலர் தண்ணீரில் கரைவது என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆவியில் ஊறி, முகம் இருந்த இடத்தில் இருந்து பழுப்பாக ஒரு ஒழுக்கு, கழுத்தைத் தாண்டிச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பதறிப்போய்த் தோளில் இருந்த துண்டை எடுத்து ஒற்றினேன். மிச்சம் இருந்ததும் துண்டோடு வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் ஆறாம் நிலை. வெரோணிக்கா இயேசுவின் திருமுகத்தைத் துடைக்கிறாள். அந்த முகம் அவள் துணியில் பதிந்துபோகும் நிலை.

நான் கதைக்காக எதையும் கூட்டிச் சொல்கிற ஆள்தான். இதை நான் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கூட்டியிருப்பேன்.

புயல் கதையின் மிச்சம்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரில் சில வாரங்களுக்கு முன்பு என் புயல் கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக:

பல வருஷம் முன்பு, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய ஒரு நாள். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தவன், சட்டி பானை டம்ளர் வரை தண்ணீர் பிடித்து வைத்தேன். பைக்கைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஓடு விழுந்தால் ஆபத்து என்று வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்தேன். எங்கள் வீட்டில் ஓடு கிடையாது, கான்கிரீட் தளம். புயல் வழி மாறி வடக்கே போய்விட்டது. ஒரு இலை ஆடவில்லை. காலையில் ஹெல்மெட்டோடு கதவைத் திறந்தேன். வாசலில் பால்காரர், "எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்றார்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். கல்யாண வீடு, புதுநன்மை விருந்து, ஆபீஸ் பிரிவுபசாரம் என்று நான் இதைச் சொல்லாத இடம் இல்லை. தெரேஸும் கூடவே இருப்பாள். அவளும் சிரிப்பாள். சரியான இடத்தில்.

நான் எங்கும் சொல்லாதது இதுதான். பால்காரர் வந்த காலைக்கு முந்தின நாள் மத்தியானமே கும்பகோணத்திலிருந்து தகவல் வந்திருந்தது, மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று. தெரேஸ் பையை எடுத்து வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை பஸ் ஓடியது. இரண்டு மணி நேரப் பயணம்.

"வழியில மரம் விழுந்தா என்னா பண்றது? காலைல முத பஸ்ஸுல போயிடுவோம்" என்றேன்.

"நான் மட்டுமாச்சும் போறேங்க."

"பைத்தியமா உனக்கு? கூண்டு ஏத்தியிருக்கான்!"

அவள் பையைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

பால்காரர் போன பத்து நிமிஷத்தில், மாமா போய்விட்டார் என்று போன் வந்தது.

அவள் வரைந்தது அந்தப் பயணத்தைத்தான். போகாத பஸ்ஸில், ஹெல்மெட்டோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள்.

வெள்ளைப் பசை

கோயிலில் பத்தாம் நிலை தாண்டியிருந்தது. நோட்டை விசிறியால் விசிறினேன். மேஜை இழுப்பறையில் மரச் சாமான் ஒட்டுகிற வெள்ளைப் பசை இருந்தது. ஓரத்தில் தடவினால் பிரிந்துகொள்ளுமோ என்ற பயத்தில் பக்கம் முழுக்கத் தடவினேன். பஸ், கட்டில், வயல் எல்லாவற்றின் மேலும். ஒட்டி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்து, டின்னின் மேல் நானும் உட்கார்ந்தேன்.

தெரேஸ் வந்தபோது தட்டில் சூடாக இட்லி. குண்டான் ஏன் சூடாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே!

"முட்டி வலியோட இட்லி வேற ஊத்துனீங்களாக்கும்" என்றாள்.

"பக்தி பண்ண முடியல. பணிவிடையாச்சும் பண்ணலாம்னு."

துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். கறை முழுசாகப் போகவில்லை. பழுப்பாக, நீள வட்டமாக, லேசாக இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலை. தெரேஸ் மேஜையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு மல்துணி.

"என்னங்க, இங்க வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

அப்போதுதான் அந்துவானின் இருமலுக்குப் பின்னால் சிஸ்டர் சொன்னது, தெரேஸ் சொல்லி எனக்குத் தெரிந்தது. மூடியது மூடியபடியே இருக்க அல்ல. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு ஈரத் துணியால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுத் திறந்து, யாராவது ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், காட்டலாம். அதற்காகத்தான் மைதா பசை. "ஆண்டவரோட கல்லறைக் கல்லே மூணு நாளுக்குத்தான், உங்க பசைக்கு என்னா?" என்றாராம் சிஸ்டர்.

அந்த ஒரே ஒருவராக அவள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அவளே காட்டியிருப்பாள்.

துணியால் ஓரத்தைத் தொட்டாள். காத்திருந்தாள். மறுபடி தொட்டாள். நகத்தை மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தாள். தாள் பலகை மாதிரி இருந்தது. பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். என் வாயில் வந்தது வேறு.

"சிஸ்டர் பசையில சிமெண்டு கலந்துட்டாங்க போல!"

தெரேஸ் துணியைப் பிழிந்து வைத்தாள். "திறக்கலைன்னா விட்டுருவோம்" என்றாள்.

அப்புறம்?

மாதங்கள் ஓடின. நான் வாயே திறக்கவில்லை. அதாவது, அதைப் பற்றி. மற்றபடி அது எப்போதும்போல் திறந்தேதான் இருந்தது.

புயல் கதை இந்தப் பத்திரிகையில் வந்த அன்று, தெரேஸ் அதைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். கயிறு கட்டிய பைக்குக்குச் சிரித்தாள். கான்கிரீட் தளத்துக்குச் சிரித்தாள். பால்காரர் வந்தார். வாசித்து முடித்து இதழை மடித்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இந்தக் கதைக்கு 'அப்புறம்' என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். குண்டான், ஆவி, ஆறாம் நிலை, அரிசி டின். அந்த மத்தியானத்தையும் சொன்னேன். நான் அவளைப் போகவிடவில்லை என்பதை என் வாயால், சிரிப்பில்லாமல், முதல் தடவையாக. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"கொடியில துண்டைப் பாத்தேன் நான். அந்த பிரௌன் கலர் நான் கலந்ததுதானே, எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். திங்கக்கிழமை கூப்பிட்டது அதுக்குத்தான்."

அவளே தொடர்ந்து பேசினாள்.

"அது போகட்டும். ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட." இதழை மடித்த மடிப்பையே விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "அப்பா எந்த போட்டோவுலயும் சிரிக்க மாட்டாரு. முன்பல்லு ரெண்டு இல்லைன்னு வாயை இறுக்கி மூடிக்குவாரு. கடையில, என்கிட்ட மட்டும்தான் அப்படி வாயத் திறந்து சிரிப்பாரு. எத்தனையோ தாள்ல போட்டுப் பாத்தேன். வரவே இல்லை. அதுல வந்துருந்துச்சுங்க. அப்படியே அப்பா சிரிப்பு. காஞ்ச உடனே மூடிட்டேன், நான்கூட சரியாப் பாக்கல. நீங்க திறந்தப்ப பாத்திருப்பீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"

'பார்த்தேன், அப்படியே மாமாதான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தெரியும். நம்பவும் அவள் தயாராக இருந்தாள். கண்ணை அகல வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாக்கல" என்றேன். "பஸ்ஸுல என்னையத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். திரும்புறதுக்குள்ள ஓடிருச்சு."

அவள் இதழை ஓரமாக வைத்தாள்.

"கிடைச்சீங்களா?" என்றாள்.

"கிடைச்சேன். ஹெல்மெட்டோட."

"ம்" என்றாள்.

இன்னொரு தடவை வரைந்து பார்க்கச் சொன்னேன். "வந்தது ஒரு தடவைதாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

இதை எழுதலாமா என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன். "எழுதுங்க. ஆனா பால்காரரோட நிறுத்திடாதீங்க" என்றாள். நிறுத்தவில்லை, தெரேஸ்.

ஞாயிறு வகுப்பு இன்னமும் நடக்கிறது. அவள் அதே நோட்டில்தான் வரைகிறாள். பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வருவாள். நான் பக்கத்து பெஞ்சில், எதையாவது சொல்லி சொல்தாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். அந்த இடம் வந்ததும் இரண்டு தாளும் ஒரே தாளாகத் திரும்பும். அட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அந்த அறையில் எத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு அது கேட்டுவிடுகிறது.